மூணு செவப்புப் பொட்டு வச்ச ஒல்லாந்தர் ஜக்கு

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வரக்குள்ள ஒரு முடிவெடுத்தேன். இனி இந்த ஊட்டில நான் மீன் வெட்டமாட்டேன்.

மீன்புடி ஊரான கற்பிட்டியில குடும்பம் நடத்துற மனுசனுக்கு இது லேசான முடிவில்ல. என்ட பொஞ்சாதி உம்மு குல்சூம் கத்தியத் துடைச்சுக்கொண்டே கேட்டா.

"வெட்டாம என்ன செய்யப் போறீங்க?"

"ஆராய்ச்சி."

சிரிக்காதீங்க. ஒரு மாசமா ஃபோன்ல பழைய கண்ணாடிச் சாமான் பத்தின வீடியோ எல்லாம் பார்த்து முடிச்சவன் நான். ஒரு ஜக்கைத் தூக்கிப் பார்த்தா ஆரு செஞ்சது, எந்தக் காலம் எண்டு சொல்லிருவேன். ஒரே கஷ்டம், எங்கட ஊட்டில இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் ஜக்கு.

உம்மு குல்சூம் குசினி அலுமாரிக்கு அடியில கைய உட்டு, நீலக் கண்ணாடி ஜக்கு ஒண்டை இழுத்தெடுத்தா. ஒரு விரல் தடிப்புக்குத் தூசு.

"இதச் சொல்லுங்க பாப்பம். சரியெண்டா மௌத்தாகுற வரைக்கும் மீன் நான் வெட்டுறேன். பிழையெண்டா நீங்க."

ஜக்கை வெயிலுக்குப் புடிச்சேன். உள்ளுக்குச் சின்னச் சின்னக் குமிழ். வாயால ஊதிச் செஞ்சது! அடி விளிம்பு தேஞ்சிருந்தது. நல்ல பழசு! கவுத்துப் பார்த்தேன். அடியில மூணு செவப்புப் பொட்டு.

"செஞ்சவன்ட முத்திரை!" எண்டு கத்தினேன். "ஒல்லாந்தர் கோட்டை கட்டின காலம். வாப்பா செஞ்சா ஒரு பொட்டு, மகன் செஞ்சா ரெண்டு, பேரன் செஞ்சா மூணு. இது பேரன்ட வேலை."

கடைசி விசயம் எந்த வீடியோவிலயும் இல்ல. வாயில வந்தது. சொல்லி முடிஞ்சாப் பிறகு நானே நம்பிட்டேன்.

"மாஷா அல்லாஹ்," எண்டா. இருபத்திரெண்டு வருஷத்தில என்னைப் பார்த்து அவ அப்பிடிச் சொன்னதே இல்ல. "அப்ப இது ஆர்ட சாமான்? என்ட உம்மா ஊட்டில இப்பிடி ஒண்டும் இருக்கல்லயே."

"உன்ட உம்மா ஊட்டில எங்கால? இது எங்கட பரம்பரைச் சாமான்!"

"அப்ப இத அலுமாரிக்கடியில ஒளிச்சு வச்சதும் நீங்கதானா?"

"பின்ன ஆரு?"

"இத நான் சொன்னா ஆரும் நம்பமாட்டாங்க. நீங்களே சொல்லுங்க."

வேலிக்கு மேலால எட்டி, பக்கத்து ஊட்டு ரம்ஸியாவைக் கூப்பிட்டா. அவ வந்ததும் நான் ஜக்கை ரெண்டு கையாலயும் உசத்திப் புடிச்சு, பரம்பரையில தொடங்கி ஒல்லாந்தன்ட பேரன் வரைக்கும் சொன்னேன். நானே ஒளிச்சு வச்சதை ரெண்டு தரம் சொன்னேன். ரம்ஸியா ஜக்கை வாங்கிக் கவுத்துப் பார்த்தா.

"நானா," எண்டா, அண்ணனைக் கூப்பிடுற மாதிரி. "இது நான் நகத்துக்குப் பூசுற கியூடெக்ஸ்."

"என்னது?"

"இரவல் போற சாமான் மாறிப் போகாம இருக்க நான் வைக்கிற அடையாளம். மூணு பொட்டு. ஏழு வருஷத்துக்கு முந்தி உங்கட ஊட்டுக் கந்தூரி விருந்துக்குத் தந்த ஜக்கு. திருப்பித் தந்துட்டேன் எண்டு உம்மு குல்சூம் ராத்தா சொன்னா. நான்தான் நம்பாம, மனசுக்குள்ள அவவைக் கள்ளியெண்டு நினைச்சிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்கணும்! நீங்களா ஒளிச்சு வச்சீங்க?"



உம்மு குல்சூம் தலையில கை வச்சா. "சீ! ஒரு வார்த்தை என்னட்டச் சொல்லியிருந்தா அண்டைக்கே குடுத்திருப்பேனே!"

ரம்ஸியா அவட கையைப் புடிச்சு மன்னிப்புக் கேட்டா. ரெண்டு பேரும் கண்ணைத் துடைச்சாங்க. அஸர் தொழுகைக்குப் போகக்குள்ள பள்ளி வாசல்ல மூணு பேர் என்னைக் கண்டதும் கழட்டின செருப்பை வெளியில வைக்காமக் கையில எடுத்துக்கொண்டு பள்ளிக்குள்ள போனாங்க.

திரும்பி வந்தேன். குசினியில பெரிய கொடுவா மீன் ஒண்டு. பக்கத்தில கத்தி. குந்தினேன். ஆத்திரம் தாங்கல்ல.

"உண்மையச் சொல்லு. அந்த ஜக்கு எப்பிடி அலுமாரிக்கடியில வந்தது?"

"குடுத்துட்டேன் எண்டு அவளுக்குச் சொன்ன மறுநாள்தான் கண்டேன். பிறகு எந்த மூஞ்சியோட குடுக்கிறது? உள்ளுக்குத் தள்ளிட்டேன்," எண்டா உம்மு குல்சூம். "ஏழு வருஷமா ஒரு கள்ளனைத் தேடினேன். கடைசியில நீங்களா வந்து கையத் தூக்கினீங்க. செதிலை ஒழுங்காச் சுரண்டுங்க."