கிரீச் சத்தத்தை ஒழித்த கதை

எங்கள் காரின் வலது முன்கதவிலிருந்து 'கிரீச்' என்று வந்த சத்தத்தை நான் தெய்வமாக மதித்தேன். காரணம் என் மனைவி சுபஸ்ரீ. அவள் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாகிறது. சாவி கேட்கும்போதெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான்.

"சத்தம் வர்ற காரை எடுக்காதேம்மா. நடுப் பாலத்துல கதவு கையோட வந்துட்டா?"

"அப்ப சத்தம் போனா சாவி தருவீங்களா?"

"சத்தியமா தரேன்!"

தைரியமாகத்தான் சொன்னேன். சத்தம் போனால்தானே! ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குத் தென்னூரிலிருந்து நானே ஓட்டிப்போவேன். அரை மணிக்கு மேல் உட்கார விடமாட்டேன்.

போன ஞாயிறு, காபியோடு வந்தாள்.

"கியாசுதீன் பாயைக் கூப்பிடட்டுமா? கதவோட உள்பக்க அட்டையைக் கழட்டணுமாம். டோர் பேடுன்னு சொன்னார். ஆபீஸ்ல உக்காந்து வேலை பார்க்கிறவங்க தொட்டா உடைஞ்சிடுமாம்."

"என்னையா சொன்னார்?"

"பொதுவா சொன்னாருங்க."

என்னைத்தான் சொல்லியிருக்கிறார்! எங்கள் தெரு மெக்கானிக்குக்கு இவ்வளவு வாயா? காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

கைப்பிடிக்குள் ஒளிந்திருந்த ஸ்க்ரூக்களைக் கண்டுபிடித்துக் கழற்றினேன். அட்டையை நெம்ப ஏதாவது வேண்டுமே என்று நிமிர்ந்தால், சுபஸ்ரீ மரத் தோசைத்திருப்பியோடு நிற்கிறாள்! 'டப்', 'டப்' என்று கிளிப்புகள் விட்டுக்கொடுத்தன. ஒவ்வொரு டப்புக்கும் என் நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது. அட்டை முழுசாகக் கையில் வந்தது. உள்ளே தளர்ந்துபோன ஒரு கிளிப், தகரத்தில் உரசிக்கொண்டு இருந்தது. அகப்பட்டான் திருடன்! துணி கேட்க வாயைத் திறக்குமுன், என் பழைய வேட்டியை அளவாக நறுக்கி நீட்டினாள். புருஷன் மனசை இப்படிப் படிக்கிற மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று உருகிப்போனேன்.

மாட்டி முடித்ததும் ஒரு ஸ்க்ரூ மிச்சம். அது முதலிலேயே அதிகம்தான்.

அவளை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்துக்குப் பறந்தேன். பாலத்தின் முதல் இணைப்பில் 'தடக்'. கிரீச் இல்லை. இரண்டாவதிலும் தடக் மட்டும்தான். ஸ்ரீரங்கம் வரை போய்த் திரும்பினேன். கதவு வாயே திறக்கவில்லை.

வாசலில் இறங்கியதும் தெரு வாட்ஸப் குழுவில் அறிவித்தேன்: "மெக்கானிக்குகளால் ஆகாததை நவநீதன் சாதித்தான்! கார்ச் சத்தம் ஒழிந்தது!" முப்பது பேர் கை தட்டினார்கள். முதலில் தட்டியவர் கியாசுதீன் பாய். அந்தப் பெருந்தன்மையை மனதார மெச்சினேன்.

"சத்தம் அடியோட போயிடுச்சுதானே?" என்றாள் சுபஸ்ரீ.

"சத்தியமா போயிடுச்சு!"

"அப்ப சாவியைக் கொடுங்க."

சத்தியம் செய்த வாயாயிற்றே, சாவியை நீட்டினேன்.

"கிளிப்புக்குத் துணி சுத்தினா சரியாயிடும்னு பாய் போன மாசமே சொல்லிட்டாருங்க."

"அப்பவே அவரைச் செய்யச் சொல்றதுதானே?"

"அவர் செஞ்சா, இன்னும் சத்தம் வருதும்பீங்க. நீங்களே செஞ்சா அப்படிச் சொல்ல முடியாதுல்ல?"

சாயங்காலம் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். நான் சரிசெய்த கதவு முனகாமல் மூடிக்கொண்டது. கண்ணாடியை இறக்கி, கழுவித் துடைத்த தோசைத்திருப்பியை என்னிடம் நீட்டினாள்.

"வர லேட்டாகும். மாவு ஃபிரிட்ஜ்ல இருக்கு."