ஆக்கவுரிமை நிலுவையில் உள்ளவர்

வலிகாமத்து மனிதரில் ஓர் இனம் உண்டு. கண்டுபிடிப்பாளர் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். ஆனால் கண்டுபிடிப்பது அதன் முக்கிய குணமல்ல. கண்டுபிடித்ததை மூடி வைத்திருப்பதுதான். அதையாவது வாய் பேசாமல் செய்தால் நாம் ஏன் அவரைப் பற்றிப் பேசப் போகிறோம்? சொல்ல முடியாது என்பதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார்.

நீங்கள் அவரைச் சந்தித்திருக்கிறீர்கள். கலியாண வீட்டுப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர்தான். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டீர்கள். அவர் வடையைக் கீழே வைத்தார், இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், பாயசம் ஊற்ற வந்தவர் அப்பால் போகும்வரை பொறுத்தார், பிறகு உங்கள் காதுக்குள் சொன்னார்: "அது இப்ப கதைக்கேலாது. பேற்றன்றிலை கிடக்கு." பேற்றன்ற் என்றால் ஆக்கவுரிமை. அதற்குமேல் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கை கழுவப் போகும்வரை அதை அவர் உங்களுக்குச் சொல்லாமல் விட்டுக்கொண்டே இருந்தார்.

கோப்பாயில் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி கனகரத்தினம். பாடசாலை ஆய்வுகூடம் ஒன்றில் முப்பது வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்டுபிடித்தது பொய்ச் சாமான் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய சல்பா மருந்தொன்றின் மூலக்கூறை எடுத்து, வாலை வெட்டி வேறு வால் வைத்து, உரத்திலிருந்து தண்ணீரில் இறங்கும் நைத்திரேற்று என்ற உப்பு இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் ஒரு தூள் செய்தார். அந்தத் தண்ணீருக்கு ஊடாகப் பச்சை வெளிச்சத்தை விட்டு, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்க ஒரு பெட்டியும் செய்தார். சிவப்புக் கூடினால் வெளிச்சம் குறையும், இலக்கம் ஏறும். வெங்காயத்துக்கு மூட்டை மூட்டையாக யூரியா போட்டு, அதே நிலத்துக் கிணற்றில் அள்ளிக் குடிக்கிற ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஊருக்கு அது கிடைக்கவில்லை. பெட்டி இரும்பு அலுமாரிக்குள், மனைவி செல்வநாயகியின் கூறைச் சேலைக்கு அடியில் இருந்தது. அலுமாரித் திறப்பு, அதாவது சாவி, கனகரத்தினத்தின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. வாசல் படலையில் பலகை இருந்தது: 'கண்டுபிடிப்பாளர், ஆக்கவுரிமை நிலுவையில்.' மின்மானி வாசிக்க வந்தவரிடம் இரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கித்தான் உள்ளே விட்டார். பெட்டிக்குள் என்ன என்று செல்வநாயகியிடம் கேட்டால், "எனக்கென்ன தெரியும்? என்ரை கூறை மருந்து மணக்குது. அவ்வளவுதான் தெரியும்" என்பார்.

ஒரு நாள் பக்கத்து வளவு உதயகலா சோடாப் போத்தலில் கிணற்றுத் தண்ணீரோடு வந்தாள். அவளுக்கு நாலு மாதக் குழந்தை. கைக்குழந்தைக்கு இந்தப் பக்கத்துத் தண்ணீர் நல்லதோ என்று பார்க்கும்படி குடும்பநல உத்தியோகத்தர் சொல்லியிருந்தார்.

"மாமா, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன். பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறது உதிலைதான்."

"பாக்கலாம், பிள்ளை. சொல்லேலாது."

"நல்லதோ கூடாதோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"அது முடிவல்லோ? முடிவு வெளியிலை போனால் முறையும் வெளியிலை போன மாதிரி."

"அப்ப தலையையாவது ஆட்டுங்கோ."

அவர் தலையை ஆட்டவில்லை. பிடரியைச் சொறியக்கூடப் பயந்தவர்போல, அவள் படலையைத் தாண்டும்வரை கழுத்தை நேராக வைத்திருந்தார். கொதிக்க வைத்தால் சரிதானே என்று அவள் திரும்பிக் கேட்டாள். அதற்கும் கழுத்து அசையவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கண்டுபிடிப்பு, விண்ணப்பிப்பதற்கு ஓராண்டுக்கும் முன்னரே அச்சில் வெளியாகிவிட்டது. சான்று: அமரர் இரத்தினம்மா நினைவு மலர், பக்கம் பதினேழு.

இரத்தினம்மா அவருடைய தாயார். இறந்து முப்பத்தோராம் நாள், நம் வழக்கப்படி, தோத்திரங்களும் வம்சாவளியும் நன்றி நவிலலுமாக ஒரு மலர் அடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அச்சகத்தில் ஒரு பக்கம் வெறுமையாக மிஞ்சியது. வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க இந்த இனத்தால் முடியுமா? 'அன்னாரின் மகனின் ஆராய்ச்சி' என்று தலைப்பிட்டு, தூள் செய்யும் முறை, பெட்டியின் படம், அளவுகள், எல்லாவற்றையும் போட்டார். மனைவிக்குக் காட்டாததை முந்நூறு பேருக்குக் காட்டினார். அதற்குப் பிறகாவது உடனே விண்ணப்பித்திருக்கலாம். சட்டம் ஒரு வருடம் அவகாசம் தருகிறது. ஆனால் சாத்திரியார் அட்டமத்துச் சனி கழியட்டும் என்றார். கனகரத்தினம் இரண்டரை வருடம் பொறுத்தார். சரி, கொழும்பில் இருப்பவர் கையில் அந்த மலர் எப்படிக் கிடைத்தது? நல்ல குடும்பத்தவர் என்று காட்ட, விண்ணப்பத்தோடு அதை இணைத்து அனுப்பியவர் கனகரத்தினமேதான்.

"அது செத்தவீட்டுப் புத்தகமல்லோ!" என்று கத்தினார். "அதை ஆர் வாசிக்கிறது?"

உதயகலாவும் வாசித்திருக்கவில்லை. அவள் வீட்டில் அது பால்மாப் பேணிக்கு அடியில் கிடந்தது. செல்வநாயகி வேலிக்கு மேலால் கதையைச் சொன்னதும் எடுத்துப் பிரித்தாள். ஒரு கையில் மலரும் மறு கையில் போத்தலுமாக வந்து நின்றாள்.

"மாமா, பதினேழாம் பக்கம் வாசிச்சன். பெட்டியை எடுங்கோ."

"மேன்முறையீடு செய்யப் போறன், பிள்ளை. அதுவரைக்கும்..."

"செய்யுங்கோ. முதல் தண்ணியைப் பாருங்கோ. இல்லாட்டில் உதைப் பாத்து நானே ஒண்டு செய்வன்."

"திறப்பைத் தாறியளோ, நான் கயித்தை அறுக்கட்டோ?" என்றார் செல்வநாயகி. கையில் உண்மையாகவே கத்தரிக்கோல் இருந்தது.

பெட்டி வெளியே வந்தது. கறுப்பு மை பூசிய சப்பாத்துப் பெட்டி. தண்ணீரில் தூள் விழுந்ததும் திருவிழாச் சர்பத்தின் நிறம் வந்தது. இலக்கம் ஏறியது. நிற்கும் என்று பார்த்தால் இன்னும் ஏறியது. பல வருடங்களுக்குப் பிறகு கனகரத்தினம் ஒரு விஷயத்தை முழுதாகச் சொன்னார்.

"உந்தத் தண்ணி பிள்ளைக்கு வேண்டாம். கொதிக்க வைச்சும் வேண்டாம், தண்ணி வத்த நைத்திரேற்று இன்னும் கூடும்."

"ஆறு கிழமையாக் குடுத்திட்டன், மாமா."

அவர் போத்தலின் மூடியைத் திருகி மூடினார்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"அண்டைக்கு அது என்ரை, பிள்ளை."

குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். அதற்குக் கனகரத்தினம் காரணமல்ல.

இப்போது அவர் படலையில் ஆட்கள் போத்தல்களோடு நிற்கிறார்கள். எல்லோருக்கும் பார்த்துச் சொல்கிறார், விளக்கமும் சொல்கிறார், விட்டால் வீடுவரை கூட வந்து சொல்வார். திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். முழங்கால் நோவுக்குப் புதிதாக ஒரு மருந்து வைத்திருக்கிறாராம். அது இப்ப கதைக்கேலாதாம்.

சிரிக்கிறீர்கள். மகள் எந்த ரியூசன் வகுப்புக்குப் போகிறாள் என்று பக்கத்து வீட்டார் கேட்டபோது, "அவள் தானாத்தான் படிக்கிறவள்" என்றவர் யார்? உங்கள் அம்மாவுக்கு எந்த டொக்டரிடம் காட்டிச் சுகம் வந்தது என்று கேட்டபோது, "எல்லாம் கடவுள் விட்ட வழி" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தியவர் யார்? உங்கள் இடுப்பிலும் ஒரு திறப்பு இருக்கிறதா என்று நான் தடவிப் பார்க்கப் போவதில்லை. ஒன்று மட்டும் நினைத்துப் பாருங்கள்: அன்றைக்கு உங்களிடம் கேட்டவரின் கையில் ஒரு போத்தல் இருந்ததா?