நிலைய அதிகாரி நடத்திய வகுப்பு

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் பென்ஷன் மேல் ஆணை. போதாதென்றால் என் இரண்டு முழங்கால்கள் மேலும் ஆணை. அதில் ஒன்று அசல்.

முதுகலை வகுப்பின் முதல் நாள். காலை பத்து மணி அடிக்கும்போது, ஓய்வு பெற்ற ரயில் நிலைய அதிகாரி டெஸ்லாஃப், வகுப்பு அரங்கின் கதவைத் திறந்தார். உள்ளே ஈ, காக்கைகூட இல்லை.

பத்து என்று அட்டவணையில் போட்டிருந்தால் பத்தேகாலுக்குப் போவதுதான் எங்கள் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் வழக்கம். அது டெஸ்லாஃப்புக்குத் தெரியாது. பதினாறு வயதில் ரயில்வேயில் சேர்ந்தவர். நிலைய அதிகாரியாக இருந்துகொண்டே, சரக்கு ரயில்களுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் படித்து, தபால் வழியாகப் பதினோரு வருடத்தில் இளங்கலை முடித்தார். ஓய்வு பெற்ற மறுவாரமே 'வரலாறும் பண்பாடும்' முதுகலைக்கு வந்துவிட்டார். செத்தால் முதுகலைப் பட்டதாரியாகத்தான் சாவது என்று முடிவு. இப்படி ஒருவரைப் பார்த்தால் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும்.

நிலையத்தில் வண்டி தாமதமானால் என்ன செய்வார்? அறிவிப்பார். இங்கேயும் அதையே செய்யலாம் என்று மேடையேறி நின்றார். பத்தேகாலுக்கு மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

"பயணிகள்... மன்னிக்கணும், மாணவர்கள் கவனத்துக்கு. பேராசிரியர் பதினைந்து நிமிஷம் தாமதம்."

முன்வரிசைப் பெண் கேட்டாள்: "யாரோட கடிகாரப்படி சார்?"

நிலைய அதிகாரியிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. ரயில் வருமுன் ஊருக்கு ஒரு நேரம் இருந்ததையும், தண்டவாளம் வந்து எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றாக்கியதையும் சொல்ல ஆரம்பித்தார். எல்லோரும் எழுதத் தொடங்கினார்கள்.

பேராசிரியர் ஹில்ட்ரூன் சேபோல்ட் பத்து இருபதுக்கு வந்தார். மேடையில் நரைத்த மனிதர் பேசுவதைப் பார்த்தார். துறை ஏற்பாடு செய்த சிறப்புச் சொற்பொழிவு என்று நினைத்து, மரியாதையாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வருகைத் தாள் வரிசை வரிசையாகக் கைமாறி அவரிடமும் வந்தது. எந்தக் காகிதம் வந்தாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற கை அது. போட்டது.

முடிந்ததும் அத்தனை பேரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். எங்கள் ஊர்க் கைதட்டல் அதுதான்.

அடுத்த வாரம் டெஸ்லாஃப் மன்னிப்புக் கேட்கத்தான் மேடையேறினார். ஏன் பேசினேன் என்று விளக்கப்போய், அது இன்னொரு வகுப்பாகிவிட்டது. மூன்றாம் வாரம் வம்பே வேண்டாம் என்று பத்தரைக்குப் போனார். அரங்கம் நிரம்பி, மேடை காலியாக இருந்தது.

"வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்றார் பேராசிரியர், பென்சிலைச் சீவியபடி.

"அம்மா, நான் இங்க மாணவன்!"

"யார்தான் மாணவன் இல்ல சொல்லுங்க? எவ்வளவு அடக்கம்! ஆரம்பிங்க."

இப்படியே நான்கு பருவம் ஓடியது. கடைசியில் தேர்வு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. டெஸ்லாஃப் போய் நின்றதும், அங்கே எழுத்தராக இருந்த கெர்லிண்டே அம்மாள் பதிவேட்டைத் திருப்பிப் போட்டார்.

"ஒரு வகுப்புக்குக்கூட நீங்க வரலையே. உங்க கையெழுத்தே இல்ல. பேரை அடிச்சிடறேன்."

"அம்மா, ஒரு நாள்கூட நான் லீவு போடல!"

பதறிப்போய்ப் பேராசிரியரை அழைத்து வந்தார்.

"எல்லா வகுப்பையும் நடத்தினவரே இவர்தான். நானே சாட்சி" என்றார் பேராசிரியர்.

"அப்படின்னா இவர் ஆசிரியர். ஆசிரியருக்குப் பட்டம் கிடையாது. இப்பவே அடிச்சிடறேன்." பேனா மூடியைத் திறந்துகொண்டே கெர்லிண்டே நிமிர்ந்தார். "உங்க கையெழுத்து மட்டும் எல்லாத் தாள்லயும் இருக்கு, மேடம். நீங்கதான் மாணவி. வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு."

"எனக்கா? கேக்கறது யாரு?"

"பாடம் நடத்தினவர்."

டெஸ்லாஃப் நாற்காலியில் சரிந்தார். வந்தது பட்டம் வாங்க; கடைசியில் பேராசிரியருக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிற நிலை. கண் கலங்கிவிட்டது.

கெர்லிண்டே விதிப்புத்தகத்தில் விரலை வைத்து மேலும் கீழும் தேடினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"ஒரு சிக்கல். தேர்வு வைக்கிறவர் அதே பட்டம் வாங்கியிருக்கணும். உங்ககிட்ட இருக்கா?"

"இல்லையே!"

"இல்லாம எப்படித் தேர்வு நடத்துவீங்க?" என்று அதட்டினார். இழுப்பறையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்தார், பெயரை எழுதினார், முத்திரையை ஓங்கிக் குத்தினார். "பிடிங்க. இனிமே இந்த மாதிரி குறையோட என் முன்னாடி வராதீங்க."

வியாழக்கிழமை அதே அலுவலகத்தில் பேராசிரியர் கைகட்டி நின்று பதில் சொன்னார். ஒன்றுதான் எங்களிடம் உச்ச மதிப்பெண்; எண் ஏற ஏற மதிப்பு இறங்கும். டெஸ்லாஃப் அவருக்கு ஒன்று புள்ளி மூன்று போட்டார். அந்தப் புள்ளி மூன்று, முதல் நாள் தாமதமாக வந்ததற்காக.

அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் மேசையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன், என் விரல் முட்டி இன்னும் வலிக்கிறது.

டெஸ்லாஃப்பின் சான்றிதழை யார் வேண்டுமானாலும் எங்கள் ஊருக்கு வந்து நேரில் பார்க்கலாம். எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் மட்டும் கிடையாது.