ஒரு முழம் உசரம்

பணம், பதவி, பரம்பரை எதற்கும் வளைந்துகொடுக்காத ஒரே பொருள் தண்ணீர். ட்யூப்பில் ஊற்றி இரண்டு முனையையும் எங்கே பிடித்தாலும் இரண்டிலும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். கோவில்பட்டி தீப்பெட்டி முதலாளி வன்னியபெருமாள் இதை ஒப்புக்கொள்வதாக இல்லை.

அவருடைய புது வீட்டின் தரை, எதிர்வீட்டு மச்சினன் சோலைராஜ் வீட்டுத் தரையைவிட ஒரு முழம் உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் காய்ச்சுவதில்லை என்று கல்யாணப் பந்தியில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

கொத்தனார் வெயிலுமுத்து மட்டம் பார்க்கும் தண்ணீர் ட்யூப்பின் ஒரு முனையோடு சோலைராஜ் வீட்டுக்குள் போனார். மறுமுனையை முதலாளியே பிடித்தார், அதன் வாயைக் கட்டைவிரலால் பொத்தியபடி.

பக்கத்தில் நின்ற சித்தாள் பெருமாயி சொன்னாள்: "வெரலை எடுங்க மொதலாளி. காத்து அமுக்குனாத்தான் தண்ணி அது எடத்துக்கு எறங்கும்."

"எறங்கி அவன் வீட்டுப் பக்கம் போவும். என் தண்ணி அங்கன போவப்பிடாது. காத்து எங்க அமுக்கணும்னு நான் சொல்லுதேன், நீ கல்லைத் தூக்குட்டி."

அவர் தரை ஒரு சாண் தாழ்வு என்று ட்யூப் காட்டியது. இரண்டு லாரி கிராவல் அடித்தார். மறுபடி அளந்தபோது, நன்றாகத் தெரியட்டும் என்று முனையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார், விரலை எடுக்காமல். இன்னும் தாழ்வு. இன்னும் நாலு லாரி.

வாசலுக்கு ஒன்பது படி ஆனது. நிலைப்படியில் நின்றால் மச்சினன் வீட்டுச் சன்ஷேடின்மேல் என்றைக்கோ தொலைந்த பந்து தெரிந்தது. வன்னியபெருமாளுக்குத் திருப்தி.

பத்து நாளைக்கு ஒருமுறை வரும் நகராட்சித் தண்ணீர் வந்தது. தெருவில் எல்லோரும் வாசலில் குழி வெட்டிக் குழாயைப் பள்ளத்தில் வைத்திருந்தார்கள். அவர் குழாய் மட்டும் ஒன்பதாம் படிக்கு மேலே நின்று புஸ்ஸென்று காற்று விட்டது. வேகம் பத்தாது, குழி வெட்டுங்கள் என்றார் பிளம்பர்.

"நான் ஏறுன ஆளு. எறங்கமாட்டேன். குழாய்தான் ஒல்லி, தடியாப் போடு."

தடிக் குழாய் போட்டார்கள். அடுத்த முறை தண்ணீர் வரும் நாளாகப் பார்த்துப் பால் காய்ச்ச நாள் குறித்தார். அன்று காற்று இன்னும் தடியாக வந்தது.

நல்ல நேரம் முடியக் கால்மணி இருந்தது. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பந்தியில் இலை போட்டாகிவிட்டது. மனைவி பாண்டிச்செல்வி காலிக் குடத்தை அவர் கையில் கொடுத்தாள். சபதம் போட்டவர்தான் எதிரே தன் அண்ணன் சோலைராஜ் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

போனார். குடம் நிறைந்ததும் மேலே தூக்கிக் கொடுத்தார். கூட வந்த பெருமாயி வாங்கிக்கொண்டாள்.

"மொத நா நீங்க சாப்பிடப் போன பொறவு நானும் கொத்தனாரும் வெரலை எடுத்துட்டு அளந்தோம் மொதலாளி. அன்னைக்கே ஒரு முழம் உசரந்தான்."

"அப்பமே சொல்லுறதுக்கென்ன?"

"வெரலை எடுங்கன்னு சொன்னேன். கல்லைத் தூக்கச் சொன்னீய."

வன்னியபெருமாள் அப்போது சோலைராஜ் வீட்டுக் குழிக்குள், தெருவைவிட இரண்டு முழம் கீழே நின்றிருந்தார்.