பெருஞ்சூடு

தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகவே எனக்கு நாற்பது வயதாகிவிட்டது. அதற்குள் ஒரு பெரிய மனிதரின் நாக்கைப் பொசுக்கிவிட்டேன்.

எங்கோ ஒரு நாட்டில் சின்னக் கடையாகத் தொடங்கி, உலகமெல்லாம் கிளை விட்ட சுட்ட கோழிக் கடை ஒன்று வண்ணார்பேட்டைக்கும் வந்தது. கிளையை எடுத்தவர் என் கணவரின் நண்பர் முருகேசன் அண்ணாச்சி. ஆங்கிலத்தில் இருந்த உணவுப் பட்டியலைத் தமிழில் எழுதிப் பலகையில் மாட்ட ஆள் தேடினார். நான் அப்போது ஒரு கல்லூரியில் தற்காலிகத் தமிழ் விரிவுரையாளர். "எதுக்கு அண்ணாச்சி வேற ஆளு? நான் இருக்கேன்லா" என்றேன். (பிறந்ததிலிருந்து சுத்த சைவம். கோழியை உயிரோடு மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

கோழியில் நான்கு வகை. கடைசி இரண்டுக்கு 'ஹாட்', 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று போட்டிருந்தது. நெருப்பில்தானே சுடுகிறார்கள், சூட்டைத்தான் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். இளஞ்சூடு, மிதச்சூடு, கடுஞ்சூடு, பெருஞ்சூடு! எழுதிவிட்டு இரண்டு முறை உரக்க வாசித்து மகிழ்ந்தேன்.

"காரம்னு எங்கயும் காணுமே?" என்றார் கணவர்.

"கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் புரியாது" என்று வாயை அடைத்தேன்.

திறப்பு விழாவுக்குத் தலைமை எங்கள் கல்லூரித் தாளாளர். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரம் அது. பலகையை வாசித்தவர், "அருமையான தமிழ்! யாரு எழுதுனது?" என்றார். நான் நெளிந்துகொண்டே முன்னால் போய் நின்றேன்.

"ஆறின பண்டம் எனக்கு வயித்துக்கு ஆகாதும்மா. பெருஞ்சூடே கொண்டாரச் சொல்லு."

வந்தது. பெரிய துண்டாகப் பிய்த்து வாயில் போட்டார். முதலில் மெல்லுவது நின்றது. பிறகு காது சிவந்தது. வழுக்கைத் தலையில் முத்து முத்தாக வியர்த்தது. கண்ணில் தாமிரபரணி.

"தண்ணி... தண்ணி..."

பெரியவருக்கு எல்லாமே சூடாக வேண்டும் என்று காதில் வாங்கியிருந்த அண்ணாச்சி, உள்ளே ஓடிப்போய் ஒரு செம்பு வெந்நீரோடு வந்தார். தாளாளர் அதைப் பார்க்காமல் மடக்கென்று குடித்துவிட்டார்.

அதன்பின் அவர் எழுப்பிய ஓசைக்கு எந்த இலக்கணத்திலும் இடமில்லை.

"ஏலே, தயிரக் கொண்டாங்கலே!" என்று உள்ளே பார்த்துக் கத்திய அண்ணாச்சி, என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அது காரம்லா! சூடுன்னா எழுதி வச்சிருக்க? சமையக்காரன் ரெண்டு நாளா கேக்கான். டீச்சர் எழுதுனா சரியாத்தாம்லே இருக்கும்னு நாந்தான் அவன அதட்டி வச்சேன்!"

மறுநாள் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். உதடு வீங்கியிருந்தது.

"தமிழ்ப்பற்று இருக்க வேண்டியதுதாம்மா. அத அடுத்தவன் நாக்குலயா காட்டுவ?"

பலகை ஒரே நாளில் மாறியது. என் உத்தரவில் கையெழுத்து விழ மூன்று வருடம் ஆனது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கணவருக்குக் காப்பி 'காரமாக' இருக்க வேண்டும். குழம்பில் 'சூடு' தூக்கல் என்பார். இதையே கேட்டு வளர்ந்த மகள், போன மாதம் காய்ச்சல் வந்து எங்களோடு மருத்துவரிடம் போனபோது, "உடம்பெல்லாம் காரமா இருக்கு டாக்டர்" என்றாள்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல தமிழ் பேசுற பழக்கமே இல்லையாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் திறந்தார்.

"தமிழ்ப் பேராசிரியை, டாக்டர்."