எலுமிச்சைச் செடிக்கு மருந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும், அண்ணியின் முட்டிவலி தேவலையாகியிருக்க வேண்டும், உன் பூச்சிமருந்துக் கடையில் வியாபாரம் ஓஹோவென்று நடக்க வேண்டும். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதக் கை கூசுகிறது. போனில் சொல்லலாமென்றால், மருந்து என்ற சொல் மூன்று அறை தள்ளியிருந்தாலும் உன் மாப்பிள்ளை காதில் விழுந்துவிடும். அதனால்தான் இன்று சிலிண்டர் போட வருகிற காஸ்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் உன் கடைப்பக்கம்தான் போகிறார்.

உன் கடைக்கே வந்து, வாடிக்கையாளர் முன்னால் உன்னை விஷ வியாபாரி என்று இவர் சொன்னதும், அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாததும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு முற்றிவிட்டது அண்ணா. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை முடிந்து வீட்டோடு இருக்கிறவர், நம் கையகலத் தோட்டத்தில் மருந்து ஒரு சொட்டு விழக் கூடாது, எல்லா உயிருக்கும் இங்கே இடம் உண்டு என்று சட்டம் போட்டார். எல்லா உயிரும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டன. எனக்குத்தான் இடமில்லை. சருகைப் பெருக்கக் கூடாதாம், அது மண்ணுக்குச் சாப்பாடாம். பெருக்காமல் விட்டதில் ஒரு தேரை குடிவந்து, பகலெல்லாம் என் செருப்புக்குள் படுத்துக்கொள்கிறது. தெரியாமல் காலை விட்டு அலறினேன். ஓடி வந்தவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை, தேரையைத்தான் தூக்கிப் பார்த்தார். "நல்லவேளை, அதுக்கு ஒண்ணும் ஆகல" என்கிறார்! இப்போது கடைக்கு அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு லொடக் லொடக்கென்று போகிறேன். வாசல் கதவின் சாவித்துவாரத்தில் குளவி மண் அடைத்துக் கூடு கட்டிவிட்டது. "அதோட குஞ்சுங்க வெளிய வர்ற வரைக்கும் பின்பக்கமா போய்க்கலாமே" என்றார். பின்பக்கம் போக வேண்டுமென்றால் மக்கு உரம் போடுகிற டிரம்மைத் தாண்ட வேண்டும். காஸ்காரர், "என்னம்மா, வீட்ட மாத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். போதாக்குறைக்குப் பூச்சியைக் கொல்லாமல் விரட்டுகிறேன் என்று பூண்டும் பச்சை மிளகாயும் என் மிக்ஸியில் அரைத்துக் கத்தரிக்குத் தெளித்தார். பூச்சி அசையவில்லை. மறுநாள் அதே மிக்ஸியில் பழச்சாறு அடித்து எதிர்வீட்டு டீச்சருக்குக் கொடுத்துத் தொலைத்தேன். ஒரு வாய் குடித்ததும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லி எழுந்து போனவர்தான், அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டவேயில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் எலுமிச்சைச் செடியில் கை வைத்தால் பொறுப்பேனா? விதை போட்டு, அரிசி கழுவின தண்ணீர் ஊற்றி, பிள்ளை மாதிரி வளர்த்தேன் அண்ணா. இந்த வருஷம்தான் முதல் மொட்டு விட்டது. ஒருநாள் இலையில் காக்கை எச்சம் மாதிரி என்னவோ இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எச்சம் நகர்கிறது! நாலு நாளில் பச்சைப் பசேலென்று விரல் தடிமனுக்குப் புழு. குச்சியால் தொட்டால் தலையிலிருந்து செம்மஞ்சளாக இரண்டு கொம்பை நீட்டி, ஒரு வாடை விடுகிறது பார், குடலைப் புரட்டும். என் செடியைத் தின்றுவிட்டு என்னையே மிரட்டுகிறது. "எடுத்துப் போடுங்க" என்றேன். "பட்டாம்பூச்சியோட பிள்ளைங்கடி அதுங்க. சாப்பிடுற பிள்ளைய யாராவது எழுப்புவாங்களா?" என்கிறார். "உங்க பிள்ளைங்களுக்கு என் செடிதான் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் அழுதேன். தாளில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தால் தாங்காத மனுஷர், இலைக்கு இலை ஓட்டை விழுவதைப் பூரித்துப் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

வெள்ளிக்கிழமை காலையில் இவர் பல் டாக்டரிடம் போகிறார். உன் கடையில் இருப்பதிலேயே கடுமையான மருந்தாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, தெளிக்கிற டப்பாவோடு வா. ஒரு புழு மிஞ்சக் கூடாது. இவர் வந்து குதித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். பின்பக்கமாக வா, டிரம்மில் இடித்துக்கொள்ளாதே.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெரிய வேலைக்குப் போய், தோட்டமில்லாத வீட்டில் குடியிருக்க என் ஆசிகள்.

உன் பிரியமுள்ள தங்கை

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மிச்சம் எத்தனை இலை இருக்கிறதென்று பார்க்கப் போனேன். ஒரு கொண்டைக்குருவி வந்து, புழுக்களில் இருப்பதிலேயே பெரிய தடியனைக் கொத்தித் தூக்கிவிட்டது. "ஏய், விடு அவனை!" என்று துடைப்பத்தோடு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. குருவி போட்டுவிட்டுப் பறந்தது. தடியன் மண்ணில் கிடந்தபடி என்னைப் பார்த்துக் கொம்பை நீட்டினான். எடுத்து இலையில் விட்டேன். விட்டதுதான் தாமதம், தின்ன ஆரம்பித்துவிட்டான், அத்தனை பசி. இப்போது செடிக்குப் பக்கத்தில் குடையும் துடைப்பமுமாக உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மருந்து வேண்டாம். உன் கடைக்குப் பக்கத்து நர்சரியில், மருந்தடிக்காத எலுமிச்சைக் கன்றாக இரண்டு வாங்கி வா. இங்கே இருக்கிற இலை இவர்களுக்கு நாளைக்கு மேல் காணாது. வெள்ளிக்கிழமை வரை இழுக்காமல் இன்றைக்கே, உன் மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போதே வா. கன்றைப் பார்த்தால் உன்னைக் கட்டிக்கொள்வார். நீயாகவே வாங்கி வந்ததாகச் சொல். நான் கேட்டேன் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதே, இத்தனை நாள் போட்ட சண்டைக்கு என் மானம் என்ன ஆவது?