இஞ்சிக்கு நூற்று அறுபத்தெட்டுப் பவுண்

மனித நாகரிகத்தின் உச்சம் எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் தடுப்பூசி என்பார்கள். இரு சாராரும் தவறு. லண்டனின் சட்டன் பகுதியில் ஒரு பல் வைத்தியசாலைக்கு மேலே, இரண்டாம் மாடியிலிருந்து அனுப்பப்படும் கடிதமே அது. அனுப்புவது எங்கள் நிறுவனம். எழுதுவது அடியேன்.

கடைகளில் களவெடுத்ததாகச் 'சந்தேகிக்கப்படும்' மக்களுக்கு, கடையின் சார்பில் நட்டக் காசு கேட்டு 'மீட்புக் கோரிக்கை' அனுப்புவதுதான் எங்கள் தொண்டு. பொலிஸ் வழக்குப் போட்டிருக்காது. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்காது. அவர்களுக்கெல்லாம் நேரமில்லை. இப்படி அநாதையாக நின்ற நீதியை நாங்கள் தத்தெடுத்து வளர்த்து, அதற்கு ஒரு வங்கிக் கணக்கும் திறந்து கொடுத்திருக்கிறோம். கடிதத்தின் அடியில் 'பீ. விற்மோர், மூத்த ஆலோசகர்' என்ற கையெழுத்து இருக்கும். அப்படி ஓர் ஆள் கிடையாது. செபமாலைமுத்து என்ற என் பெயரைப் பார்த்து இங்கே ஒருவரும் நடுங்கமாட்டார்கள் என்று எங்கள் மேலாளர் ரங்கராஜன் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தார்.

ஒரு ஞாயிறு மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது பெனிற்றா ஓடிவந்து மறித்தாள். ஸ்ட்ரெதமில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். எங்கள் கோவில் பங்கில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். நான் 'ஒரு ஒஃபீசில்' இருக்கிறேன் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

"அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. எனக்கு நாலு நாளா நித்திரை இல்லை."

பிரித்துப் பார்த்தேன். என் கடிதம். மூன்றாம் பந்தியில் 'வருந்தத்தக்க உங்கள் நடத்தை' என்ற சொற்களுக்காக ஒரு மதியச் சாப்பாட்டையே தியாகம் செய்தது நினைவு வந்தது. கண் கலங்கிவிட்டது.

"என்ன அண்ணை, அவ்வளவு மோசமோ?"

"இல்லைத் தங்கச்சி. நல்ல எழுத்து."

நடந்தது இதுதான். கடையில் நாமே விலை அடித்துக் காசு கட்டும் இயந்திரத்தில் இஞ்சியை நிறுக்க வைத்தவள், திரையில் இஞ்சிப் படத்தைத் தட்டாமல் பக்கத்திலிருந்த உருளைக்கிழங்கைத் தட்டிவிட்டாள். வித்தியாசம் நாற்பத்து மூன்று பென்ஸ். வாசலில் காவலாளி மறித்து, உள்ளே கூட்டிப்போய், பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டு, இஞ்சியையும் பறித்துக்கொண்டு அனுப்பினான். அந்த இஞ்சி மறுபடி தட்டில் ஏறி, அன்றைக்கே இன்னொருவருக்கு முழு விலைக்குப் போயிருக்கும். ஆகவே மிச்ச நட்டத்தை அந்தக் கடிதத்தில் நான் கணக்கிட்டிருந்தேன். காவலாளியின் நேரம், கமெராவின் நேரம், நிர்வாகத்தின் மனக்கிலேசம், எல்லாமாக நூற்று அறுபத்தெட்டுப் பவுண் ஐம்பது. இருபத்தொரு நாளுக்குள் கட்டினால் 'கருணைக் கழிவு' உண்டு.

"சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலையும் சொல்லிப்போட்டன் அண்ணை. சுவாமி சிரிச்சவர். இது பாவமே இல்லைப் பிள்ளை, மனசு கேக்காட்டில் ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லு எண்டவர்."

கடவுளிடம் முறையான மீட்புப் பிரிவு இல்லாதது நெடுநாள் குறை.

"பேசாமல் கட்டிவிடு," என்றேன். "இல்லாட்டி உன்ரை பேர் ஒரு பட்டியலிலை ஏறும். பள்ளிக்கூடத்துக்கும் தெரியவரலாம்."

அவள் முகம் வெளிறிப்போயிற்று. "பிள்ளையளுக்குச் சமைக்கிற இடம் அண்ணை. கள்ளி எண்டு தெரிஞ்சால் உள்ளுக்கை விடுவினமோ?" என்றாள். கைப்பையைத் திறந்து வங்கி அட்டையை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வைத்துவிட்டாள்.

"ஏலாது. கட்டினால் நான் களவெடுத்தனான் எண்டு நானே சொன்ன மாதிரி. நான் சொல்லுறன், நீங்கள் இங்கிலீசிலை எழுதுங்கோ."

கோவில் வாசல் வாங்கிலில் உட்கார்ந்து எழுதினேன்.

"நான் களவெடுக்கேல்லை. படத்தைப் பிழையாத் தட்டிப்போட்டன். இஞ்சி உங்களிட்டைத்தான் இருக்கு. ஒரு சதமும் தரமாட்டன். வழக்குப் போடுறதெண்டால் போடுங்கோ, வாறன்."

"கடைசியிலை கொஞ்சம் மன்னிப்புக் கேட்டால் வடிவாயிருக்கும்."

"ஆரிட்டை? இந்த விற்மோரிட்டையோ? அந்தாள் என்னைக் கண்டவரோ? என்ன ஏதெண்டு ஒரு வார்த்தை கேட்டவரோ?"

விற்மோர் தலையைக் குனிந்துகொண்டு எழுதி முடித்தார்.

புதன்கிழமை அந்தக் கடிதம் என் மேசைக்கே வந்துசேர்ந்தது. ரங்கராஜன் எடுத்து வாசித்தார்.

"யாருய்யா இது? பெரிய வக்கீலா வச்சிருப்பாங்க போல. ஃபைலை மூடிடு."

"அப்ப அவ களவெடுக்கேல்லை எண்டு முடிவோ, சேர்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எடுத்தாளா எடுக்கலையான்னு நாம எப்பய்யா பார்த்திருக்கோம்? கோர்ட்டுக்கு வான்னு எழுதினா விட்டுடு. மன்னிப்புக் கேட்டு எழுதினா ரெண்டாவது லெட்டர் போடு. அழுது எழுதினா மூணாவதும் போடு."

எத்தனை எளிய நீதி! அன்று மாலையே ஒரு முதியவருக்கு மூன்றாவது கடிதம் எழுதினேன். ஒரு பற்பசையைப் பைக்குள் வைத்தது மறந்து வெளியே வந்துவிட்டாராம். கைநடுங்கிய எழுத்தில் நான்கு பக்கம் மன்னிப்புக் கேட்டிருந்தார். அருமையான மனிதர். வெள்ளிக்கிழமை முழுத்தொகையும் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பெனிற்றா தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"மூடிப்போட்டாங்களாம் அண்ணை! கடிதம் வந்திட்டுது. இவ்வளவு வெருட்டினவங்கள் ஏன் விட்டவங்கள்?"

அவள் மகிழ்ச்சி என்னையும் தொற்றிக்கொண்டது. "நீ பயப்பிடேல்லை, அதுதான். பயந்த ஆக்களைத்தான் துரத்துறது."

அவள் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள்.

"அப்ப, களவெடுத்தவன் பயப்பிடாட்டில் தப்பிடுவான். களவெடுக்காதவன் பயந்தால் கட்டோணும். அப்பிடியோ?"

பதினொரு வருட அனுபவத்தில் எங்கள் தத்துவத்தை இவ்வளவு கச்சிதமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மெய்சிலிர்த்துவிட்டது.

"தங்கச்சி, எங்கடை ஒஃபீசிலைகூட ஒருத்தரும் இவ்வளவு வடிவாச் சொன்னதில்லை!"

பெனிற்றாவின் சிரிப்பு நின்றது.

"எங்கடை ஒஃபீஸ் எண்டால்," என்றாள், "ஆரின்ரை அண்ணை?"